முதிய எஞ்சினின் வெப்பக் கணக்கு

வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்தால் எந்தக் காரின் எஞ்சினும் நின்றுபோவதில்லை. உண்டான சூடு வெளியேறாமல் தேங்கும்போதோ, உராயும் பரப்புகளுக்கு இடையே எண்ணெய் போய்ச் சேராதபோதோ, சிலிண்டருக்குள் அடைபட வேண்டிய அழுத்தம் கசிந்துபோகும்போதோ, பெட்ரோலும் காற்றும் தீப்பொறியும் உரிய அளவில் உரிய நேரத்தில் கூடாதபோதோதான் அது நிற்கிறது. பட்டறையில் "இன்ஜின் போயிடுச்சு" என்று ஒரே வாக்கியத்தில் சொல்லப்படும் தீர்ப்புக்குப் பின்னால் இந்த நான்கில் ஒன்றோ பலவோ இருக்கின்றன. அவற்றுள் முதல் இரண்டும் எஞ்சினைச் சில நிமிடங்களில் முடித்துவிடக்கூடியவை; பின்னிரண்டும் பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்ல வளர்பவை. பழைய காரிலிருந்து கடைசிச் சில ஆயிரம் கிலோமீட்டர்களைப் பெறுவது என்பது, மெல்ல வளரும் குறைகளோடு அனுசரித்துப் போய்க்கொண்டே, உடனே முடிக்கும் குறைகளை மட்டும் கிட்ட நெருங்கவிடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

இதை விளக்கச் சென்னைக்குத் தெற்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே இருக்கும் திருவிடந்தை பொருத்தமான இடம். 108 திவ்ய தேசங்களுள் ஒன்றான நித்தியகல்யாணப் பெருமாள் கோயிலுக்காகத் திருமணம் கைகூட வேண்டுவோர் தேடி வரும் இவ்வூர், முதிர்ந்த காருக்குச் சாதகத்தையும் பாதகத்தையும் ஒருசேர வைத்திருக்கிறது. மலையேற்றம் எதுவும் இல்லாத சமதளச் சாலை என்பது சாதகம். உப்புக்காற்று, உவர்ப்பேறிய கிணற்றுநீர், கத்திரி வெயில் ஆகிய மூன்றும் பாதகம்.

இரும்புத் தலையும் அலுமினியத் தலையும்

திருவிடந்தை இருக்கும் மாவட்டத்துக்குக் கார் புதிதன்று. பெருங்களத்தூர், வண்டலூர்ப் பகுதியில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைத் தயாரித்தது. அதன் கடைசிக் காரான ஸ்டாண்டர்ட் 2000-இன் உற்பத்தி 1988-இல் நின்றது. மறைமலை நகரில் 1999-இல் வெளிவந்தது ஃபோர்டு ஐகான். அந்த ஆலையும் 2022-இல் கார் உற்பத்தியை முடித்துக்கொண்டது. அண்டை மாவட்டமான காஞ்சிபுரத்தின் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் ஹூண்டாய் சான்ட்ரோ வந்தது. வங்காளத்தின் உத்தரபாராவில் பிறந்து நாடெங்கும் ஓடிய அம்பாசடரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நிறுத்தப்பட்டது. செய்த ஆலை மூடப்பட்ட காருக்கு உதிரி பாகம் கிடைப்பது ஆண்டுக்காண்டு அரிதாகும் என்பதால், "மாற்றிவிடலாம்" என்ற எளிய விடை இத்தகைய கார்களுக்கு எப்போதும் கைகொடுப்பதில்லை. இருப்பதைக் காப்பாற்றி ஓட்டுவதே வழியாகிறது.

இக்கார்கள் இரண்டு தலைமுறைகளைச் சேர்ந்தவை. ஹெரால்டு, பழைய அம்பாசடர் ஆகியவற்றில் சிலிண்டர்கள் துளைக்கப்பட்ட அடிக்கட்டையும் (பிளாக்), அதன்மேல் மூடியாக அமர்ந்து வால்வுகளைத் தாங்கும் தலையும் (ஹெட்) வார்ப்பிரும்பால் ஆனவை. பிந்தைய கார்களில் பெரும்பாலும் தலை அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் இலேசானது, வெப்பத்தை விரைவாகக் கடத்துவது. ஆனால் சூடேறும்போது வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவது. 40 சென்டிமீட்டர் நீளமுள்ள அலுமினியத் தலை, வெப்பநிலை 100 டிகிரி உயரும்போது ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் நீள முயல்கிறது. அதற்கு அடியில் இருக்கும் இரும்புக் கட்டை 0.45 மில்லிமீட்டர் அளவே நீள்கிறது. இந்த அரை மில்லிமீட்டர்ப் பிணக்கு முழுவதையும் இரண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடான ஹெட் கேஸ்கெட் தாங்கிக்கொள்ள வேண்டும். இயல்பான சூட்டில் அது தாங்கும். நீர் வற்றிச் சூடு எல்லை மீறும்போது போல்ட்டுகளால் இறுக்கப்பட்ட தலை நீள இடமின்றி வளைகிறது, கேஸ்கெட் கிழிகிறது. ஒருமுறை கடுமையாகச் சூடேறிய அலுமினியத் தலை பழைய தட்டைநிலைக்குத் திரும்புவதில்லை. லேத் பட்டறையில் சீவிச் சமப்படுத்தத்தான் வேண்டும்.

சூடு எங்கே போகிறது

பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் சக்கரத்தை நோக்கிப் போகிறது. அதே அளவு புகைபோக்கி வழியே சூடான வாயுவாக வெளியேறுகிறது. மீதியைச் சிலிண்டர் சுவரிலிருந்து வாங்கி ரேடியேட்டருக்கு எடுத்துச் சென்று காற்றில் விடும் வேலை குளிர்நீருக்கு உரியது. சிலிண்டருக்குள் எரியும் வாயு கணநேரத்துக்கு 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டுகிறது. பிஸ்டன் செய்யப்பட்ட அலுமினியமோ 660 டிகிரியிலேயே உருகிவிடும். அந்தப் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குச் சுழலும் நீரும் எண்ணெயுமே காரணம்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று, அது ஓர் அழுத்த வால்வு. வெளிக்காற்றைவிட ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தில் நீரை வைத்திருப்பதால், 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய நீர் 120 டிகிரிவரை கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பல கார்களில் "ஹீட் ஆகுது" என்ற புகாருக்குக் காரணம் மலிவான இந்த மூடிதான். சூடான எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதற்கும் இதே இயற்பியல்தான் காரணம். அழுத்தம் விலகிய அந்தக் கணமே, 110 டிகிரியில் அடங்கிக் கிடந்த நீரின் ஒரு பகுதி ஆவியாகச் சீறி, மீதி நீரையும் முகத்தை நோக்கித் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

பட்டறைகளில் நெடுங்காலமாக உள்ள ஒரு வழக்கம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவது. தெர்மோஸ்டாட் என்பது மெழுகு விரிவதால் திறக்கும் சிறு கதவு. எஞ்சின் 82 முதல் 88 டிகிரி அளவுக்குச் சூடாகும்வரை நீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, அதன்பின் வழிவிடுவது அதன் வேலை. மூடிய நிலையில் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீடு வந்து சேர்வது சரியான அவசர உபாயமே. நிரந்தரமாகக் கழற்றிவிட்டால் எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடும். பெட்ரோல் முழுதும் ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயைக் கழுவும். எண்ணெயில் சேரும் நீராவி வெளியேறாமல் கசடாகும். சூட்டுக்குப் பயந்து செய்த வேலை தேய்மானத்தைக் கூட்டிவிடுகிறது.

உவர்நீர் கட்டும் சுவர்

ரேடியேட்டரில் எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்ற கேள்விக்குக் கடலோர ஊர்களில் தனி அழுத்தம் உண்டு. கடலை ஒட்டிய நிலத்தடி நீரில் உப்பும் சுண்ணாம்பும் கரைந்திருக்கும். திருவிடந்தைக்கு அடுத்த நெம்மேலியில் 2013 முதல் சென்னைக்காகக் கடல்நீர் குடிநீராக்கப்படுகிறது என்பதே இக்கரையில் நன்னீருக்குள்ள மதிப்பைக் காட்டும். கடினநீர் சூடாகும்போது அதில் கரைந்த கால்சியம், கார்பனேட் படிவாக, வீட்டு வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் போலவே, எஞ்சினின் நீர்ப்பாதைகளில் படிகிறது. அது எங்கே சூடு மிகுதியோ அங்கேதான் முதலில் படியும்; அதாவது குளிர்ச்சி மிகவும் தேவைப்படும் வால்வுகளைச் சுற்றியுள்ள இடத்தில். இந்தப் படிவின் வெப்பக் கடத்துத்திறன் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ 20 மடங்கு குறைவு. ஒரு மில்லிமீட்டர் சுண்ணாம்புப் படிவு, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு இரும்புச் சுவரைக் கூடுதலாக எழுப்பியதற்குச் சமமான தடையாகிறது. ரேடியேட்டர் நிறைய நீர் இருந்தும் எஞ்சின் சூடாகிறது என்றால் பெரும்பாலும் இந்தச் சுவரே காரணம்.

கரைந்த குளோரைடு உப்பு உள்ளிருந்து அரிக்கிறது. காற்றிலுள்ள உப்பு வெளியிலிருந்து அரிக்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காற்றினால் உலோகம் அரிபடுவதை அளப்பதற்கென்றே மண்டபம் கடற்கரையில் கள ஆய்வு நிலையம் நடத்துவது, தமிழகக் கடற்காற்றின் கடுமைக்குச் சான்று. ரேடியேட்டர் குழாய்களின் இடையே மடிப்பு மடிப்பாக இருக்கும் மெல்லிய தகடுகள்தாம் சூட்டைக் காற்றுக்குக் கொடுப்பவை. கடலோரத்தில் நின்ற காரில் இவை குழாயிலிருந்து விடுபட்டு, விரல் பட்டாலே வெள்ளைப் பொடியாக உதிரும். அத்தகைய ரேடியேட்டர் கசியாது, அடைபட்டும் இராது, ஆனால் குளிர்விக்காது.

ஆகவே பெட்ரோல் பங்குகளில் பேட்டரிக்கென்று விற்கப்படும் தூய நீரோடு, துருவைத் தடுக்கும் வேதிப்பொருள் கலந்த கூலன்ட்டைச் சேர்த்து ஊற்றுவதே முதிர்ந்த எஞ்சினுக்குச் செய்யக்கூடிய மலிவான மருத்துவம். வழியில் நீர் வற்றி அடிகுழாய் நீரைத்தான் ஊற்ற நேர்ந்தால், எஞ்சின் ஆறிய பிறகு ஊற்றி, ஊர் திரும்பியதும் அதை வடித்துவிட வேண்டும்.

எண்ணெய்ப் படலமும் புகையின் நிறமும்

கிராங்க் தண்டு தன் பேரிங்கைத் தொட்டுக்கொண்டு சுழல்வதில்லை. மைக்ரான் கணக்கில் மட்டுமே கனமுள்ள எண்ணெய்ப் படலத்தின் மீது மிதந்தபடி சுழல்கிறது. அந்தப் படலத்தைக் காப்பது எண்ணெயின் பாகுநிலை, அதாவது ஓடவிடாமல் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும் பிசுபிசுப்பு. சூடு ஏற ஏற இது குறையும். தேய்ந்த எஞ்சினில் இடைவெளி அகன்றிருப்பதால் எண்ணெய் பக்கவாட்டில் எளிதாக வழிந்து அழுத்தம் இறங்குகிறது. 20டபிள்யூ-50 போன்ற கனத்த எண்ணெயைப் பழைய எஞ்சினுக்கு மெக்கானிக்குகள் பரிந்துரைப்பதன் நியாயம் இதுவே. அகன்ற இடைவெளியைக் கனத்த எண்ணெய் ஓரளவு ஈடுகட்டுகிறது. எண்ணெய் குடிக்கும் எஞ்சினை உடனே பிரிக்க வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை சமதளத்தில் நிறுத்தி அளவுக்கம்பியை உருவிப் பார்த்து, குறைந்ததை ஊற்றிக்கொண்டே பல ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டலாம். பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து.

எஞ்சினின் உள்நிலையைப் புகையின் நிறம் சொல்லிவிடும். நீலப் புகை எண்ணெய் எரிவதன் அடையாளம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு கணம் வந்து மறைந்தால், வால்வுத் தண்டின் ரப்பர் சீல் தளர்ந்து இரவில் எண்ணெய் இறங்கியிருக்கிறது என்று பொருள், அது பொறுத்துக்கொள்ளத்தக்கது. ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதெல்லாம் வந்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்துவிட்டன, "ரிங் போயிடுச்சு". கரும்புகை, பெட்ரோல் மிகுந்து முழுதும் எரியாததைக் காட்டும். எஞ்சின் சூடான பிறகும் நில்லாமல் வரும் வெண்புகை, கேஸ்கெட் கிழிந்து குளிர்நீர் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டதைக் காட்டும். அந்நிலையில் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால், அடிப்புறத்தில் டிகாஷனில் பால் கலந்த நிறத்தில் குழைவான பசை ஒட்டியிருக்கும். எண்ணெயும் நீரும் கடைந்துபோன கலவை அது. பேரிங்கை மிதக்க வைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. குறுகிய தூரம் மட்டுமே ஓடும் காரில் வெறும் நீராவி படிந்தும் இப்பசை சிறிது உண்டாகலாம் என்பதால், ரேடியேட்டர் நீரும் குறைகிறதா என்பதைச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

"புல்லிங் இல்லை" என்ற புகாரை எண்ணாக மாற்றுவது அழுத்தச் சோதனை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த இடத்தில் அழுத்தமானியைப் பொருத்தி எஞ்சினைச் சுழற்றினால், நல்ல பெட்ரோல் எஞ்சின் 150 பிஎஸ்ஐ அளவோ அதற்கு மேலோ காட்டும். எல்லாச் சிலிண்டர்களும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் அது முதுமை. ஒன்று மட்டும் வெகுவாகக் குறைந்திருந்தால் அது நோய். குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றி மறுபடி அளக்கும்போது எண் ஏறினால், எண்ணெய் அடைத்த இடமே கசிவிடம், அதாவது பிஸ்டன் வளையம். ஏறாவிட்டால் கசிவு வால்விலோ கேஸ்கெட்டிலோ இருக்கிறது. பழைய இரும்புத் தலை எஞ்சின்களில் வால்வு கசிய இன்னொரு காரணமும் உண்டு. பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயம் வால்வு அமரும் இடத்தில் படிந்து மெத்தைபோல் காத்துவந்தது. 2000 பிப்ரவரி முதல் இந்தியாவில் ஈயமற்ற பெட்ரோல் மட்டுமே விற்கப்படுவதால், அக்காப்பு இழந்த மென்மையான இருக்கைகள் மெல்லத் தேய்கின்றன. மக்களின் உடல்நலத்துக்கு இன்றியமையாத அம்மாற்றத்துக்குப் பழைய வால்வுகள் தங்கள் தேய்மானத்தால் விலை கொடுக்கின்றன.

ஈரத்துணி, சோப்பு, மஞ்சள்

சாலையோரக் கைவைத்தியங்களை மூடநம்பிக்கை என ஒதுக்கிவிட முடியாது. அவற்றுள் சிலவற்றில் துல்லியமான இயற்பியல் இருக்கிறது. கோடையில் அம்பாசடரின் பெட்ரோல் பம்பின் மேல் ஓட்டுநர்கள் ஈரத்துணி சுற்றுவது அவற்றுள் ஒன்று. அந்தப் பம்பு எஞ்சினின் பக்கவாட்டிலேயே பொருத்தப்பட்டு, பின்னாலிருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, எஞ்சினின் சூடோ அதிகம். எனவே பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. ஆவியைப் பம்பினால் தள்ள முடியாமல் வண்டி நின்றுவிடுகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. நூறு கிராம் பெட்ரோலைப் பத்து டிகிரி குளிர்விக்க இது போதும். மண்பானை நீரைக் குளிர்விக்கும் அதே விதி இங்கே பெட்ரோலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடற்கரையில் துணி மெதுவாகவே உலரும் என்பதால் பலன் சற்றுக் குறையும். பம்பு டேங்குக்குள்ளேயே இருந்து உயரழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும் பிந்தைய கார்களுக்கு இத்தொல்லை அரிது.

டேங்க்கில் ஊசித்துளை விழுந்தால் பார் சோப்பைத் தேய்த்து அடைப்பதும் சரியே. சோப்பு நீரில் கரையும், பெட்ரோலில் கரையாது. ரேடியேட்டர்க் கசிவுக்கு மஞ்சள் தூள் போடுவது வேறு வகை. நுண்துகள்கள் நீரோடு சுழன்று, கசியும் துளையில் சிக்கி, ஊறி அடைக்கின்றன. ஆனால் கசியும் துளைக்கும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்க்கும் உள்ள வேறுபாடு தூளுக்குத் தெரியாது. ஒருநாள் பயணத்தைக் காப்பாற்றிய மஞ்சள் மறுமாதம் ரேடியேட்டரை அடைத்துவிடலாம். இத்தகைய உபாயங்கள் அனைத்தும் பட்டறைவரை போய்ச் சேர்வதற்கு மட்டுமே.

புதிய கவலை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2023 முதல் விற்பனைக்கு வந்த இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். எத்தனாலின் ஆற்றல் குறைவு என்பதால் லிட்டருக்கு ஏறத்தாழ 7 சதவீதம் ஆற்றல் குறைகிறது. எத்தனால் தனக்குள்ளேயே ஆக்சிஜனைக் கொண்டிருப்பதால், அதற்கேற்ப அளவைத் திருத்திக்கொள்ளத் தெரியாத கார்புரேட்டர் எஞ்சினில் கலவை மெலிந்து ஓட்டம் தடுமாறுகிறது. பழைய ரப்பர்க் குழாய்களையும் எத்தனால் ஊறவைத்து வெடிக்கச் செய்யும். எனவே முதிர்ந்த காரில் எஞ்சினைக் கவனிப்பதற்கு முன்பாகப் பெட்ரோல் குழாய்களை மாற்றிவிடுவது தீ விபத்தைத் தவிர்க்கும்.

நான்கு நிமிடத்தின் விலை

எஞ்சின் படும் பாட்டைக் குறைக்கச் செலவில்லாத வழி வேகத்தைக் குறைப்பது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக வளர்கிறது. அதை வெல்லத் தேவையான திறனோ மும்மடியாக வளர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 60-க்கு இறங்கினால், காற்றைக் கிழிக்கும் திறன் 42 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது. திருவிடந்தையிலிருந்து மாமல்லபுரம்வரை ஏறத்தாழ 16 கிலோமீட்டர். 80-இல் போனால் 12 நிமிடம், 60-இல் போனால் 16 நிமிடம். நான்கு நிமிடத்தைக் கொடுத்து எஞ்சினின் சுமையில் பெரும்பங்கை இறக்கிவைக்கலாம். ஆனால் மெதுவாகப் போகிறோம் என்று உயர் கியரில் திணறவிடுவதும் தவறு. எண்ணெய்ப் பம்பும் நீர்ப் பம்பும் எஞ்சினின் சுழற்சியாலேயே இயங்குகின்றன.

நேரமும் கணக்கில் வரும். ரேடியேட்டர் வெளியேற்றும் வெப்பம், நீருக்கும் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது. நீர் 95 டிகிரியில் இருக்க, விடியற்காலைக் காற்று 30 டிகிரியானால் வேறுபாடு 65. கத்திரி வெயிலில் காற்று 42 டிகிரியானால் 53. அதே ரேடியேட்டர் நண்பகலில் தன் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடுகிறது. ஏசியைப் போட்டால் எஞ்சினுக்குச் சுமை கூடுவதோடு, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சரின் சூடும் அதன் மேல் வீசுகிறது. சூடு ஏறும்போது ஏசியை அணைத்து, ஹீட்டர் இருந்தால் அதை முழுவேகத்தில் திறந்துவிடுவது, சிறிய ரேடியேட்டர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்ப்பதற்கு ஒப்பாகும்.

நிறுத்த வேண்டிய இடம்

அனுசரித்துப் போகக் கூடாதவை சில உண்டு. எண்ணெய் அழுத்தத்தின் சிவப்பு விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் அடுத்த பங்க்வரை போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லை. பாதுகாப்பாக ஓரங்கட்டி உடனே அணைக்க வேண்டும். வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டாலும் அப்படியே. நீர் முற்றும் வற்றிவிட்டால் உணரி காற்றில் நிற்பதால் முள் இறங்கிவிடவும் கூடும். ஏறியிருந்த முள் திடீரென்று இறங்குவது நிம்மதிக்குரிய செய்தியன்று. டைமிங் பெல்ட் என்னும் ரப்பர் பட்டை உள்ள எஞ்சினில் அது அறுந்தால் பல வகைகளில் பிஸ்டன் வால்வுகளை மோதி வளைத்துவிடும். அதை ஒத்திப்போடுவது சிக்கனமன்று. வினையூக்கி மாற்றி பொருத்தப்பட்ட கார் "மிஸ்ஸிங்" அடித்தபடி நெடுந்தொலைவு ஓடினால், எரியாத பெட்ரோல் அந்த மாற்றிக்குள் எரிந்து அதை உருக்கி அடைத்துவிடும்.

எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. பிந்தைய கார்களில் பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிடமும் ஸ்டீரிங்கின் உதவியும் எஞ்சினிலிருந்தே வருவதால், ஓட்டத்தில் அணைந்த எஞ்சின் இரண்டையும் கனக்கச் செய்துவிடுகிறது. எனவே கடைசிக் கிலோமீட்டர்களுக்கான செலவில் முதலிடம் பிரேக்குக்கும் டயருக்கும், அடுத்தது ரேடியேட்டருக்கும் எண்ணெய்க்கும், எஞ்சினின் உட்பாகங்களுக்கு இறுதியிடம்.

15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்தது. தகுதிச் சோதனையும் உண்டு. அந்தச் செலவோடு ரேடியேட்டர், குழாய்கள், பிரேக் ஆகியவற்றின் செலவையும் கூட்டிப் பார்த்து, அழுத்தச் சோதனையில் எல்லாச் சிலிண்டர்களும் சீராக இருந்தால் காரை வைத்துக்கொள்ளலாம். ஒரு சிலிண்டர் விழுந்து, எண்ணெயில் நீரும் கலந்திருந்தால், அது விடைகொடுக்கும் நேரம்.